உங்கள் குப்பை, எங்கள் பொறுப்பு

தீபாவளிக்கு மறுநாள் காலை ஆறரை மணி. தஞ்சாவூரில் அரசு ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் அதிகம் குடியிருக்கும் ஒரு நகர். தெரு முழுக்கச் சரவெடியின் சிவப்புக் காகிதம். ராத்திரித் தூறலில் ஊறித் தார்ச்சாலையோடு ஒட்டிப்போயிருக்கிறது. விளக்குமாற்றுக்கு வராது, குனிந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டும். முனையில் பேட்டரி வண்டி திரும்பியதும் விசில் சத்தம். முதல் மாடிப் பால்கனியிலிருந்து ஒரு பையன் வீட்டுக்குள் பார்த்துக் கத்துகிறான்: "அம்மா, குப்பை வந்துருச்சு!"

வந்தது குப்பை இல்லை. குப்பை அந்த வீட்டுக்குள் இருந்தது. வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. பண்டிகை முடிந்த அசதியோடு விடியற்காலை நாலரைக்கு எழுந்து வந்தவர். "பால் வந்துருச்சு, கீரை வந்துருச்சு என்றும்தானே சொல்கிறோம், இதில் என்ன?" என்று கேட்பீர்கள். பால்காரர் பாலைக் கொண்டுவருகிறார், அதனால் பால் வந்துவிட்டது என்கிறீர்கள். இந்த அம்மா குப்பையைக் கொண்டுவருவதில்லை, கொண்டுபோகிறார். ஆனாலும் அவர் பெயர்தான் குப்பை. அந்தப் பையன் மேல் எங்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டில் கேட்டதைத்தான் அவன் சொல்கிறான்.

அந்தத் தெருவின் சுவரில் ஒரு வாசகம் எழுதியிருக்கிறது: 'என் குப்பை, எனது பொறுப்பு'. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நகரங்களின் தூய்மைக்கான மக்கள் இயக்கம்' தந்த முழக்கம். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் தூய்மைப் பணி, பள்ளிப் பிள்ளைகளுக்கு உறுதிமொழி, குடியிருப்போர் சங்கங்களுக்குக் கூட்டம் என்று அது நடந்துவருகிறது. ஊராட்சிகளுக்கு அதே ஆண்டில் 'நம்ம ஊரு சூப்பரு' வந்தது. அதற்கும் முந்தைய ஆண்டுக் கடைசியில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்திருந்தது. இவை எதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. மஞ்சப்பை எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. எங்கள் கேள்வி அந்த வாசகத்தில் இருக்கும் 'என்' என்ற எழுத்தைப் பற்றியது. அது யார்?

டெல்டாவின் ஒரு நகராட்சியில் அப்படியொரு சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் புது விளக்குமாறு, புதுக் கையுறை, தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். பேருந்து நிலைய வாசலில் பத்து நிமிடம் கூட்டினார்கள். படம் எடுத்தார்கள், டீ குடித்தார்கள். டீ குடித்த காகிதக் கோப்பைகள் அங்கேயே கிடந்தன. அவற்றை எடுத்தவர் முந்தின இரவே அதே இடத்தைக் கூட்டிவைத்திருந்த ஒரு அக்கா. அவர் கையில் உறை இல்லை. "அது விழாவுக்கு வாங்குனதுங்க, திருப்பிக் குடுத்துடணும்" என்றார். அவரிடம் உறுதிமொழிச் சீட்டை யாரும் நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் அவர் எதை வாசித்திருப்பார்? ஊர்க் குப்பை அத்தனையும் ஏற்கெனவே அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.

இதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்பார். நாங்கள் இழுக்கவில்லை, அரசின் கணக்கே இழுக்கிறது. ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களைப் பதிவு செய்தார்கள். 2024-இல் வெளியான விவரப்படி, அப்படிப் பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு. மக்கள்தொகையில் ஆறில் ஒருவராக இருப்பவர்கள் இந்த வேலையில் மூன்றில் இரண்டு பேராக இருக்கிறார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் எந்தத் தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்குப் போனாலும் அருந்ததியர், பறையர், காட்டுநாயக்கர் குடும்பங்களைத்தான் பார்க்கலாம். பாட்டி பார்த்த வேலையை அம்மா பார்க்கிறார், அம்மா பார்த்ததை மகள் பார்க்கிறாள். சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்து அடுக்கியது என்று 1936-இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். விளக்கம் போதவில்லை என்றால் காலையில் வண்டியோடு இரண்டு தெரு நடந்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் நிரந்தரத் தூய்மைப் பணியாளர் பணியிடத்தில் வேறு சாதிக்காரர் சிலரும் இருக்கிறார்கள். சம்பளப் பட்டியலில் தூய்மைப் பணி. உட்கார்ந்திருப்பது வரிவசூல் பிரிவில். விளக்குமாறு பிடித்ததில்லை. நிரந்தர வேலை என்றால் சாதி பார்க்காமல் வருவார்கள், வேலையைச் செய்வதற்கு மட்டும் சாதி வேண்டும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த வரைபடம் புதிதல்ல. 1965-இல் வெளியான ஆந்திரே பெத்தேயின் நூல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று மூன்றாகப் பார்த்தது. சமூகவியல் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள், நாங்களும் படித்தோம். 2014-இல் தஞ்சாவூர் மாநகராட்சி ஆனது. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஏறியது. பூங்காக்கள், பேருந்து நிலையம், விளக்குக் கம்பங்கள் எல்லாம் வந்தன. ஆனால் ஊரின் கழிவு எந்தப் பக்கம் போய் விழும் என்பதில் பழைய வரைபடம்தான் இன்னும் செல்லுபடியாகிறது. ஜெபமாலைபுரத்துக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை கிளம்பும்போதெல்லாம் அதைச் சுவாசிப்பவர்கள் யார் என்று போய்ப் பாருங்கள். குப்பையை அங்கே அனுப்பிய தெருக்களுக்கு அந்தப் புகை அவ்வளவாகப் போவதில்லை.

வேலைக்குப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தோட்டி என்றார்கள். பிறகு துப்புரவுத் தொழிலாளி, பிறகு துப்புரவுப் பணியாளர். கொரோனா காலத்திலிருந்து தூய்மைப் பணியாளர். அந்த நாட்களில் மாலை போட்டார்கள், பூத் தூவினார்கள், சில ஊர்களில் பாதம் கழுவினார்கள். அதற்கு முன்பே, 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமரே பாதம் கழுவியிருந்தார். பாதத்தைக் கழுவுகிறவர்கள் கைக்கு உறை வாங்கிக் கொடுப்பதில்லை.

மரியாதைக்கு ஒரு அளவுகோல் உண்டென்றால் அது சம்பளப் பட்டியல்தான். ஊராட்சிகளில் வேலை பார்க்கும் தூய்மைக் காவலர்களுக்கு மாதம் 3,600 ரூபாய் இருந்தது, 5,000 ஆக்கினார்கள். அதற்குப் பெயர் சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம். நகரங்களில் 2022-இல் வந்த அரசாணை 152-ஐ ரத்து செய் என்று தொழிற்சங்கங்கள் மாநிலம் முழுக்கப் போராடிவருகின்றன. மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, வேலையை வெளிமுகமைக்கு விடச் சொல்லும் ஆணை அது. வெளிமுகமை என்றால் ஒப்பந்தக்காரர். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பதினைந்து வருடம் வேலை பார்த்த அக்கா மறுபடி புது ஆள். சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. அது கணக்கில் ஏறியதா என்று பார்க்க எண் கேட்டால், "நாளைக்கு வாம்மா." எங்களிடம் வருகிற புகார்களில் பாதி இதுதான். சட்டப்படி ஒப்பந்தக்காரர் கூலி தரவில்லை என்றால் வேலை வாங்குகிற முதன்மை நிறுவனம் தர வேண்டும். அதாவது உள்ளாட்சி தர வேண்டும். இதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த வாரம் அந்த அக்காவின் பீட்டை மாற்றிவிடுகிறார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து, பெரும்பாலும் பெண்களான தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நிரந்தரம் கேட்டார்கள், இருக்கிற சம்பளம் குறையக் கூடாது என்றார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. பசி என்று அவர்கள் அங்கே உட்காரவில்லையே! வேலை நிரந்தரமானால் காலைச் சாப்பாட்டை அவர்களே வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இனி ஊர் விழாக்களைப் பற்றி. டெல்டா என்றால் விழாதான். ஐப்பசியில் பெரிய கோயில் சதய விழா, தையில் திருவையாற்று ஆராதனை, செப்டம்பரில் வேளாங்கண்ணி, நாகூரில் கந்தூரி, நடுவில் ஊர் ஊருக்குத் தேர், திருமணம், காதுகுத்து, கட்சி மாநாடு. எந்தச் சாமி என்று குப்பைக்குத் தெரியாது. கூட்டுகிறவர் யார் என்பது மட்டும் எல்லாச் சாமிக்கும் ஒன்றுதான்.

2022-இலிருந்து சதய விழா அரசு விழா. ராஜராஜன் சிலைக்கு மாலை போடத் தலைவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவன் எழுப்பிய கோயிலின் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இறையிலி நிலக் கணக்கில் பதிந்திருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முன்பு கல்லில் வெட்டிய கணக்கு, யாரும் இட்டுக்கட்டியது அல்ல. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித் அந்தக் காலத்துச் சாதியையும் நிலத்தையும் பற்றிப் பேசினார், வழக்குப் போட்டார்கள். வழக்குப் பின்னால் ரத்தானது. மாலை வாடியதும் அந்த மாலைகளையும் தோரணங்களையும் வாரி வண்டியில் போடுகிறவர் எந்தச் சேரியிலிருந்து வருகிறார் என்று கேட்டால் அதற்கும் வழக்கு வருமோ என்னவோ.

2016 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகம். லட்சக்கணக்கில் கூட்டம். வேறு வேறு நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் வேலை பார்த்த ஒரு அண்ணனிடம் பின்னால் பேசினோம். "கொளத்துல குளிச்சீங்களாண்ணே?" என்று கேட்டோம். சிரித்தார். "கொளத்தைத்தான் கழுவுனோம்." எங்கே படுத்தீர்கள் என்றதற்கு ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தைச் சொன்னார். பெண்கள் எங்கே போனார்கள் என்றதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினார். அடுத்த மகாமகம் 2028-இல். சாலை, குளம், பேருந்து நிலையம் என்று பட்டியல் போடுவார்கள். பக்தர்களுக்கு எத்தனை கழிப்பறை என்று கணக்கு வரும். கூட்ட வருகிறவர்களுக்கு எத்தனை கழிப்பறை, எத்தனை படுக்கை, எத்தனை ஷிப்ட், மிகைநேரக் கூலி எவ்வளவு என்ற ஒரு பக்கமும் அந்தத் திட்ட அறிக்கையில் இருக்க வேண்டும். இப்போதே கேட்டால்தான் இருக்கும்.

வீட்டு விசேஷத்துக்கும் சட்டம் உண்டு, பலருக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி, உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டி எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. சேரும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நிகழ்ச்சி நடத்துகிறவரின் கடமையாக இருந்தது. தெருவில் பந்தல் போட்டுக் காதுகுத்து நடத்துகிற மாமாவுக்கும், மைதானத்தில் கூட்டம் போடுகிற கட்சிக்கும் இது பொருந்தியது. நடப்பது வேறு. தஞ்சாவூர் விருந்து என்றால் தலைவாழை இலை. இலை மட்டும் என்றால் நல்ல உரம். அந்த இலைக்குள் தண்ணீர்ப் பாட்டில், ஐஸ்கிரீம் கோப்பை, பீடாவின் பிளாஸ்டிக் குச்சி எல்லாவற்றையும் வைத்து மடித்துவிடுகிறோம். பந்தியை எடுக்கிறவர் அப்படியே உருட்டித் தொட்டியில் போடுகிறார். மறுநாள் நுண் உர மையத்தில் ஒரு பெண் அதைப் பிரித்து, நீங்கள் சாப்பிட்டு வைத்த சாம்பார்ச் சோற்றிலிருந்து குச்சியைப் பொறுக்குகிறார். உங்கள் பாட்டிக்கு எச்சில் என்றால் தீட்டு. அடுத்தவர் எச்சிலைத் தொட மாட்டார். அந்தத் தீட்டு எங்கும் போய்விடவில்லை, தொடுவதற்கு ஒரு ஆளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

உரம் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. மாடித் தோட்டம், இயற்கை உரம், பாட்டன் காலத்து விவசாயம் என்று நகரத்தில் இப்போது பேசுகிறார்கள், நல்லதுதான். ஆனால் பாட்டன் காலத்தில் இந்தக் காவிரிக் கரையில் சாணி அள்ளியவர்கள் பண்ணையாட்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி கொடுத்து, அதே சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்துச் செங்கொடி ஏந்திப் போராடித்தான் அது நின்றது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் 16 வருடம் கழித்து, கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். இயற்கை வாழ்வு என்று எழுதும்போது அந்த இயற்கையில் யார் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதைவிட அவசரமானது கழிவுநீர்த் தொட்டி. மழைக்காலம் தொடங்கிவிட்டது. டெல்டா மண் பெரும்பாலும் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது, தொட்டி நிறைந்து கக்கூஸில் தண்ணீர் ஏறி நிற்கும். வீட்டுக்காரர் பதறிப் போன் போடுவது இந்த மூன்று மாதங்களில்தான். லாரி வந்து மேல்நீரை உறிஞ்சிவிடும். வருடக்கணக்காகத் திறக்காத தொட்டி என்றால் அடியில் கசடு இறுகிக் கிடக்கும், குழாய்க்கு வராது. அப்போது வீட்டுக்காரர் சொல்வார்: "யாராச்சும் எறங்கி வழிச்சு விட்டுட்டா நல்லாருக்கும், தனியா காசு தர்றேன்." அந்தத் தனிக் காசு ஐநூறோ ஆயிரமோ. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிஞ்சினால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போய்விடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து இறங்குபவர் இரண்டு மூச்சில் விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். இதனால்தான் செய்திகளில் ஒரு தொட்டிக்கு இரண்டு, மூன்று, நான்கு சாவு. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடியிருப்பில் ஆறு பேர், அதில் வீட்டு உரிமையாளரும் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு. 2020 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வீட்டில் நான்கு பேர். 1993-இலிருந்து எண்ணிய அரசுக் கணக்கில் இப்படிச் செத்தவர்கள் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. எந்தப் பட்டியலிலும் முதலிடம் என்றால் பேனர் வைக்கிற நாம் இதற்கு மட்டும் வைப்பதில்லை.

2013-ஆம் ஆண்டின் சட்டம் ஏதோ அரசாங்கத்துக்கான சட்டம் என்று நினைக்க வேண்டாம். எந்த நபரும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டியின் ஆபத்தான சுத்தப்படுத்தலுக்கு அமர்த்தக் கூடாது என்கிறது அதன் 7-ஆம் பிரிவு. எந்த நபரும் என்றால் வீட்டு உரிமையாளரும்தான். முதல் தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம் வரை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. இவ்வளவு இருந்தும் தண்டனை பெற்றவர்களை விரல் விட்டு எண்ணலாம். வழக்கு பெரும்பாலும் அலட்சியத்தால் மரணம் என்று பதிவாகும். பிறகு ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், குடும்பத்தோடு 'பேசி முடிப்பார்கள்'. ஒரு குடும்பத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேசி முடித்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு 30 லட்சம் என்ற எண்ணையே யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "இத முந்தாநாளு வந்து சொல்லக்கூடாதாங்க?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறோம்.

செய்ய வேண்டியது சிரமமானது அல்ல. தொட்டி நிறையும் வரை காத்திருக்காமல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோடையிலேயே எடுத்துவிடுங்கள், கசடு இறுகாது. உரிமம் உள்ள லாரியை மட்டும் கூப்பிடுங்கள், 14420 என்ற உதவி எண் இருக்கிறது. கசடு வரவில்லை என்றால் தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். நேரமும் கொஞ்சம் காசும் கூடும், அவ்வளவுதான். ஆள் இறங்குகிறேன் என்றாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு அந்தக் காசு தேவை, அதனால் அவர் மறுக்க மாட்டார். மறுக்க வேண்டியவர் நீங்கள். லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாத லாரி இருட்டில் ஏதாவது வாய்க்காலில்தான் இறக்கும். மறுநாள் காலை அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் முழங்கால் சேற்றில் நின்று நடவு நடுகிறவர்களும் எங்கள் பெண்கள்தான்.

குப்பை பிரிப்பது பற்றிப் பச்சை, நீலம் என்று துண்டறிக்கை வருகிறது. அதை எழுதியவர்கள் வண்டி தள்ளியதில்லை. நாங்கள் வண்டி தள்ளுகிறவர்களிடம், "ஜனங்க என்ன செஞ்சா ஒங்களுக்கு நல்லது?" என்று கேட்டோம். முதலில் யாரும் நம்பவில்லை. இதையெல்லாம் யார் கேட்டார்கள்? பிறகு ஒருவர் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

உடைந்த கண்ணாடியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். டியூப்லைட், பாட்டில், டம்ளர் எதுவானாலும் தடித்த காகிதத்தில் சுற்றி, கையில் கொடுத்து, "கண்ணாடிங்க" என்று சொன்னால் போதும். ஒரு அக்கா வலது கையின் நடுவிரலைக் காட்டினார், மடங்கவில்லை. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிற வீடுகளில் ஊசியை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடிக் கொடுக்க வேண்டும். மாதவிடாய் நாப்கினும் பிள்ளைகளின் டயப்பரும் தனியாக, காகிதத்தில் சுற்றி, சிவப்பு மையில் ஒரு குறி போட்டு. சுற்றிக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று 2016 விதிகளிலேயே இருந்தது. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், வெட்கம் அவர்களுக்கு. போட்டவர்களுக்கு இல்லை. சாம்பார், ரசத் தண்ணீரை வடித்துவிட்டுக் கொடுத்தால் வண்டியில் ஒழுகாது, முதுகில் வழியாது. மாடியிலிருந்து கவரை வீசாதீர்கள், இறங்கி வந்து கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கேட்டுக்கு வெளியே தனியாக வைத்திருக்கும் பழைய பெப்சி பாட்டிலை நீட்டாதீர்கள். இதைச் சொன்னவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வீட்டுக்குள்ள பத்து சொம்பு இருக்கும்ங்க. எங்களுக்குன்னா அந்தப் பாட்டில்தான்." இந்த ஒரு பழக்கத்துக்குச் சட்டத்தில் பெயர் உண்டு, தீண்டாமை. அதற்கு 1955-இலிருந்து தண்டனையும் உண்டு.

தீபாவளிக் காசு பற்றியும் பேச்சு வந்தது. ஐம்பது, நூறு கொடுத்துவிட்டுப் பெரிய மனதோடு இருக்கிறோம். அது கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்லச் சொல்வது எங்கள் வேலை இல்லை. ஆனால் தெருவுக்குத் தெரு கை நீட்டி வாங்கும் இனாமும், ஒப்பந்தக்காரர் தர வேண்டிய போனசும் ஒன்றல்ல. உங்கள் நகரின் குடியிருப்போர் சங்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரிகள், வழக்கறிஞர்கள், வங்கி மேலாளர்கள் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் மூன்று மனு போடுகிறார்கள். உங்கள் தெருவில் வேலை பார்க்கிற ஆறு பேரின் பி.எஃப். எண்ணைக் கேட்டு, கையுறை, பூட்ஸ், மழைக்கோட்டு எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு மனு போடுங்கள். அவர்கள் கேட்டால் பீட் மாறும். நீங்கள் கேட்டால் உங்கள் தெரு மாறாது.

கடைசியாக வந்ததுதான் எங்களைத் தூங்க விடவில்லை. காலை ஐந்தரையிலிருந்து மதியம் ஒரு மணி வரை வேலை. அதுவரை எங்கே ஒதுங்குவீர்கள் என்று கேட்டோம். ஒருவரும் பேசவில்லை. பிறகு இளவயதுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "தண்ணி குடிக்க மாட்டோங்க்கா." மாதவிடாய் நாட்களிலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை வாங்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர்தான். இரண்டு பக்கமும் வரிசையாக வீடு, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று கழிப்பறை, பல வீடுகளில் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் வெளியிலிருந்தே கதவுள்ள கழிப்பறை. அந்த வீடுகளின் கழிவை எல்லாம் எடுக்கிற பெண்கள் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள். ஊராட்சிகளில் கிராம சபை, நகரங்களில் வார்டுக்கு வார்டு பகுதி சபைக் கூட்டம். நாங்கள் வேலை செய்கிற வார்டில் மூன்று கோரிக்கைகளை எழுதி, தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, தூய்மைப் பணியாளர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரத்தையும் பாதுகாப்புக் கருவிகள் கொடுத்த தேதியையும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். இரண்டு, வார்டில் உள்ள கழிவுநீர்த் தொட்டிகளுக்கு முறை வைத்து, கோடையில் எடுக்கும் அட்டவணை வேண்டும். மூன்று, பீட்டுக்கு ஒரு கழிப்பறை. மாநகராட்சி கட்டித்தரும் வரை வெளிக்கதவுக் கழிப்பறை உள்ள வீட்டுக்காரர்கள் காலை ஆறிலிருந்து ஒன்று வரை திறந்து வைக்க முன்வர வேண்டும்.

முதல் இரண்டுக்கும் சுலபமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாவதைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்கிறார்கள். நாற்பத்து மூன்று வீடு ஏறியிருக்கிறோம். இதுவரை இரண்டு வீட்டுக்காரர்கள் சரி என்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கெட்டும் சோப்பும் வைத்துவிடுகிறேன் என்றார். நாளைக்கு அடுத்த தெரு.